மனித குலத்தின் பெயரால்!

1946-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பசிபிக் மாகடலின் நடுவே, தென்னைகள் தலையசைக்கும் சின்னஞ்சிறு தீவொன்றில் வழிபாடு முடிந்திருந்தது. தேவாலயத்தை விட்டு வெளியே வந்த மக்களைத் தம்முன் அமரச் செய்து பேசத் தொடங்கினார் ஒருவர். பென் வயட் என்பது அவர் பெயர். அமெரிக்கக் கடற்படையின் கமடோர். மார்ஷல் தீவுகளின் இராணுவ ஆளுநர்.

அவர் மிரட்டவில்லை, அதட்டவில்லை. விவிலியத்தை எடுத்தாண்டார்! பகைவரின் பிடியிலிருந்து ஆண்டவனால் மீட்கப்பட்டு, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இஸ்ரவேல் மக்களின் கதையை நினைவூட்டினார். நீங்களும் அத்தகையோரே என்றார். மனித குலத்தின் நன்மைக்காகவும், உலகப் போர்கள் அனைத்துக்கும் முடிவு காண்பதற்காகவும், இந்தத் தீவைச் சில காலம் விட்டுத் தர இசைவீர்களா என்று கேட்டார்.

கேட்டார் என்றா கூறினோம்? தவறு. சனவரித் திங்களிலேயே அமெரிக்கத் தலைநகரில் இடம் குறிக்கப்பட்டுவிட்டது. முடிவு செய்த பிறகு வந்த கேள்வி அது. எதிரே அமர்ந்திருந்தவர்களோ படையில்லாத மக்கள். அண்மையில்தான் ஜப்பானியரை வென்று, கடலெங்கும் போர்க்கப்பல்களை நிறுத்தியிருந்த பேரரசின் முன் அமர்ந்திருந்தவர்கள். தங்களுக்குள் கலந்து பேசினர். பிறகு அவர்களுடைய தலைவர் ஜூடா எழுந்தார். எல்லாம் கடவுளின் கையில் என்ற நம்பிக்கையோடு நாங்கள் போகிறோம் என்றார்.

அடுத்த திங்களில் படப்பிடிப்புக் கருவிகளோடு வந்து, அதே காட்சியை மீண்டும் மீண்டும் நடிக்கச் செய்து படமாக்கிக் கொண்டனர். உலகம் பார்க்க வேண்டுமே, மக்கள் மனமுவந்து தந்தார்கள் என்று!

அந்தத் தீவின் பெயர் பிக்கினி. அன்று அங்கிருந்து புறப்பட்டவர்கள் 167 பேர். போனவர்கள் மீண்டு வந்து நிலையாக வாழும் நாள் இன்றுவரை விடியவில்லை.

எங்கே இருக்கிறது இந்தப் பிக்கினி? ஹவாய்த் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே, நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, நீலப் பட்டில் உதிர்ந்த முத்துகள்போல் சிதறிக் கிடக்கின்றன மார்ஷல் தீவுகள். 29 வளையத் தீவுகளும், 5 தனித் தீவுகளும் சேர்ந்த தொகுதி அது. அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் நிலம் 181 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கு வரிசைக்கு ராடக். மேற்கு வரிசைக்கு ராலிக். கதிரவன் எழும் பக்கம், விழும் பக்கம் என்று பொருள். மேற்கு வரிசையின் வடகோடியில் இருக்கிறது பிக்கினி. ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள காயலைச் சுற்றி 23 சிறு தீவுகள்; அவற்றின் மொத்த நிலமோ பத்துச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே இரண்டொரு ஆள் உயரம், அவ்வளவே!

நடுக்கடலில் இத்தகைய வளையம் எப்படி உருவாயிற்று? புராணிகரைக் கேட்டால் ஏதேனும் ஒரு தேவனின் மோதிரம் விழுந்த கதையைச் சொல்வார். டார்வின் வேறு விடை தந்தார். கடலடியில் எரிமலை எழுகிறது. அதன் விளிம்பைச் சுற்றிப் பவள உயிர்கள் பாறை கட்டுகின்றன. எரிமலை அடங்கி, மெல்ல மெல்லக் கடலுள் அமிழ்கிறது. ஒளியை நாடும் பவள உயிர்களோ பழைய கூட்டின்மேல் புதிய கூடு கட்டி மேலே மேலே வளர்கின்றன. மலை மறைகிறது, அதைச் சுற்றிய வளையம் நிற்கிறது. 1842-இல் அவர் எழுதியதை ஐயுற்றோர் பலர். 1952-இல் பிக்கினிக்கு அண்டையிலுள்ள எனிவெட்டாக் தீவில் துளையிட்டனர். 1,200 மீட்டருக்கும் மேலான பவளப் படிவத்தைத் துளைத்துச் சென்ற கருவி, அடியில் எரிமலைப் பாறையைத் தொட்டது! நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிந்தித்துச் சொன்னது மெய்யாயிற்று. உயிர்கள் பல கோடி ஆண்டுகள் உழைத்து எழுப்பிய கோட்டை அது. அதே ஆண்டில், அதே எனிவெட்டாக்கில், ஹைட்ரஜன் குண்டை வெடித்து ஒரு தீவையே இல்லாமல் செய்தனர். கட்டியவை சின்னஞ்சிறு உயிர்கள். தகர்த்தவன் ஆறறிவு படைத்த மனிதன்!

அந்த மணற்பரப்பில் யார் வாழ்ந்தனர்? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓடமேறி வந்து குடியமர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆற்று நீர் இல்லை, மழைநீரே குடிநீர். தென்னையும், தாழையும், ஈரப்பலாவும் உணவு தந்தன. காயல் மீன் தந்தது. ஒருபக்கம் மிதவை பொருத்திய பாய்மர ஓடங்களைச் செலுத்துவதில் அவர்கள் வல்லவர்கள்.

அவர்களுடைய கடலறிவு வியக்கத்தக்கது. பெருங்கடலின் அலைத்தொடர் ஒரு தீவில் மோதும்போது வளைகிறது, சிதறுகிறது, மறுபக்கத்தில் வேறோர் அலைத்தொடரோடு பின்னிக் கொள்கிறது. அந்தப் பின்னலின் அசைவை ஓடத்தின் ஆட்டத்தில் உணர்ந்தே, கண்ணுக்கு எட்டாத தீவு எத்திசையில் இருக்கிறது என்று அறிந்தனர். தென்னங்கீற்றின் ஈர்க்குகளை வளைத்துக் கட்டி அலைகளின் போக்கைக் காட்டினர். சிப்பிகளை வைத்துத் தீவுகளைக் குறித்தனர். அந்த ஈர்க்குப் படத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. கரையிலேயே கற்று, நெஞ்சிலே பதித்துக்கொண்டு புறப்பட்டனர். காட்டுமிராண்டிகள் என்று இவர்களைக் கருதிய வெள்ளை மாலுமிகளிடம் காந்த ஊசி இருந்தது. இவர்களிடமோ கடலே ஏடாக இருந்தது.

சொத்துரிமை தாய்வழி. பிள்ளை எந்தக் குலம் என்று கேட்டால் தாயின் குலம். நிலம் யாருடையது என்றால் தாயின் வழியினருடையது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று எத்தனை நாடுகளில், எத்தனை காலம் வாதாட வேண்டியிருந்தது! அதற்காக, அங்கே எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று புனைந்துரைக்க வேண்டியதில்லை. இரோஜ் எனப்பட்ட தலைவர்கள் மேலே. அலாப் எனப்பட்ட குலமூத்தோர் இடையே. நிலத்தில் உழைத்தோர் கீழே. கடலோடும் கலையும் சில குடும்பங்களின் மறைபொருளாகவே காக்கப்பட்டது. குறைகள் இருந்தன, ஆயின் அவற்றைத் தாமே எண்ணித் தாமே திருத்திக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் இடமில்லாமல் போயிற்று. 1788-இல் ஜான் மார்ஷல் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அவ்வழியே சென்றார். தீவுகளுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1857-இல் அமெரிக்கப் பாதிரிமார் வந்தனர். 1885-இல் ஜெர்மனி உரிமை கொண்டாடியது. 1914-இல் ஜப்பான் கைப்பற்றியது. 1944-இல் அமெரிக்கா வென்றது. 1947-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் இத்தீவுகளை அமெரிக்காவின் அறங்காவலில் ஒப்படைத்தது. மக்களின் உடல்நலத்தைப் பேணுவதும், நிலமும் வளமும் அவர்களைவிட்டுப் போகாமல் காப்பதும் உன் கடமை என்று உடன்படிக்கையில் எழுதியும் வைத்தது. அறங்காவல்! எவ்வளவு அழகான சொல்!

பிக்கினி மக்களை 1946 மார்ச் 7-ஆம் நாள் கப்பலேற்றினர். 200 கிலோமீட்டருக்குக் கிழக்கேயுள்ள ரோங்கெரிக் தீவில் இறக்கிவிட்டனர். பேய் உலவும் தீவு என்று மார்ஷல் மக்களின் பழங்கதை அத்தீவைப் பற்றிச் சொல்லும். பேய் எதுவும் இல்லை. பட்டினி இருந்தது. பிக்கினியைவிட மிகச் சிறிய நிலம், தேங்காய் போதவில்லை, மீன்களிற் சில நஞ்சு. 1948 சனவரியில் அங்குச் சென்ற மானிடவியல் அறிஞர் லெனார்ட் மேசன், மக்கள் பசியால் மெலிந்து கிடப்பதைக் கண்டார். குவாஜலின் தீவில், விமானத் திடலின் ஓரத்தில் கூடாரமடித்து வைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் கிலி என்ற தீவுக்குக் கொண்டுசென்றனர். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒற்றைத் தீவு. காயல் இல்லை, அலை அடங்கிய துறை இல்லை. ஆண்டின் பல திங்கள்களில் ஓடத்தைக் கடலில் இறக்கவே முடியாது. கடலோடிகளின் பேரர்கள், கடல் சூழ்ந்திருந்தும் மீன்பிடிக்க இயலாமல், கப்பலில் வரும் பெட்டி உணவுக்காகக் காத்திருந்தனர். வாக்களிக்கப்பட்ட நாடு இதுதான்!

அவர்களை அகற்றிய இடத்தில் நடந்தது என்ன? 1946 சூலை 1-ஆம் நாள் முதல் வெடிப்பு. 25-ஆம் நாள் இரண்டாவது. காயலில் நிறுத்திய பழைய போர்க்கப்பல்களின்மேல் ஆற்றலை அளந்து பார்த்தனர். அதே சூலை 5-ஆம் நாள் பாரிசு நகரில் லூயி ரெயார் என்பவர் மகளிர்க்கான நீராடும் சிற்றுடை ஒன்றை அறிமுகம் செய்து, அதற்குப் பிக்கினி என்று பெயர் சூட்டினார். உடையை உலகம் அறிந்தது. ஊரை இழந்தவர்களை அறியவில்லை. 1958 வரை பிக்கினியில் 23 வெடிப்புகள். மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67.

அவற்றுள் பெரியது 1954 மார்ச் 1-ஆம் நாள் விடியற்காலையில் வெடித்தது. பிராவோ என்று அதற்குப் பெயர். 6 மெகாடன் ஆற்றல் வெளிப்படும் என்று கணக்கிட்டனர். குண்டினுள் வைத்த லித்தியத்தில் ஒருவகை மட்டுமே வினைபுரியும், மற்றொரு வகை வாளாவிருக்கும் என்று நம்பினர். வாளாவிருக்கும் என்று கருதப்பட்டதும் வினைபுரிந்தது! வெளிப்பட்டது 15 மெகாடன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தீவுகள் ஆவியாயின. இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலடியில் பள்ளம் விழுந்தது.

கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் ரோங்கெலாப் தீவு. 1946-இல் சிறிய குண்டை வெடித்தபோது, அத்தீவு மக்களைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றியிருந்தனர். 1954-இல் மிகப் பெரிய குண்டை வெடித்தபோது மாற்றவில்லை, எச்சரிக்கவும் இல்லை. நண்பகலுக்குப் பின் வானிலிருந்து வெண்துகள் பொழிந்தது. பொடியாகிப்போன பவளம் அது. உயிர் கட்டிய பாறையே நஞ்சாகித் திரும்பி வந்தது! சிறுவர் அதை அள்ளி விளையாடினர். குடிநீர்த் தொட்டியில் விழுந்தது; உணவில் விழுந்தது. மாலைக்குள் வாந்தி, தோலில் எரிச்சல், பின்னர்க் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. இரண்டு நாள் கழித்தே கப்பல் வந்தது. 200-க்கும் மேற்பட்ட தீவு மக்கள் கதிரியக்கத்துக்கு ஆளாயினர். தீக்காயம் ஏதும் இல்லை, அனைவரும் நலம் என்று அறிவித்தது அமெரிக்க அணுசக்தி ஆணையம்!

அவர்களுக்கு மருத்துவம் செய்தனர். அத்தோடு ஆராய்ச்சியும் செய்தனர். கதிரியக்கம் மனித உடலை என்ன செய்கிறது என்பதைக் குறித்துவைக்கத் தனித்திட்டமே வகுக்கப்பட்டது. 1956-இல் ஆணையத்தின் ஆலோசனைக் கூட்டமொன்றில் ஓர் அதிகாரி சொன்னது ஏட்டில் இருக்கிறது: இவர்கள் நாகரிக மக்களைப்போல் வாழ்பவர்கள் அல்லர்; ஆயினும் எலிகளைவிட நமக்கு நெருக்கமானவர்கள் என்ற கருத்துப்படப் பேசினார்! எலியினும் சற்று மேலானவர். மனிதரினும் சற்றுக் கீழானவர். மனித குலத்தின் நன்மைக்காக என்று 1946-இல் கேட்டபோது, அந்த மனித குலத்தில் இவர்களைச் சேர்த்தா எண்ணினார்கள்?

1957-இல் ரோங்கெலாப் மக்களை மீண்டும் அதே தீவுக்கு அனுப்பினர். தைராய்டுச் சுரப்பியில் கட்டிகள் தோன்றின, கருக்கள் சிதைந்தன. 1985-இல், இனியும் இங்கு வாழ இயலாது என்று அம்மக்கள் தாமே வெளியேறினர். குண்டு வெடித்தபோது எட்டு வயதுச் சிறுமியாக இருந்த லிஜோன் எக்னிலாங், 1995-இல் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் நின்று, தம் வயிற்றில் ஏழு முறை கரு அழிந்ததை எடுத்துரைத்தார்.

பிக்கினி மக்களின் கதை என்னாயிற்று? 1968-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், தீவு தூய்மையாகிவிட்டது, திரும்பலாம் என்றார். 1970-களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் மகிழ்ந்து திரும்பின. புதிதாக நட்ட தென்னைகள் காய்த்தன. அந்தக் காயில்தான் கேடு ஒளிந்திருந்தது. பவள மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. வெடிப்பில் விளைந்த சீசியம் வேதியியல் இயல்பில் பொட்டாசியத்தை ஒத்தது. பொட்டாசியத்துக்கு ஏங்கிய வேர், வேற்றுமை அறியாமல் சீசியத்தை உறிஞ்சியது. வேரிலிருந்து இளநீருக்கு, இளநீரிலிருந்து குழந்தையின் உடலுக்கு! உடலில் சீசியம் ஏறியதைக் கண்டு 1978-இல் மீண்டும் அனைவரையும் வெளியேற்றினர்.

வழக்குத் தொடுத்தனர். இழப்பீட்டு நடுவர் மன்றம் 2001-இல், பிக்கினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மார்ஷல் தீவுகள் முழுமைக்கும் அமெரிக்கா ஒதுக்கியிருந்த மூலநிதியோ 15 கோடி. தீர்ப்பு கையில், பணம் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் வழக்கைக் கேட்கவே மறுத்தது. அதே ஆண்டில் பிக்கினியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது யுனெசுகோ. நினைவுச் சின்னமாகும் தகுதி வந்தது. வாழும் தகுதி வரவில்லை.

உலகம் முற்றும் வாய்மூடி இருந்ததா? இல்லை. பிராவோவின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி ஓடமொன்றின்மேலும் விழுந்தது. 23 பேர் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டே மாண்டார். 1954 ஏப்ரல் 2-ஆம் நாள் மக்கள் அவையில் நேரு பேசி, சோதனைகளை நிறுத்திவைக்க உடன்பாடு காண வேண்டும் என்றார். ஏப்ரல் 20-ஆம் நாள் மார்ஷல் மக்களே ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு முறையீடு அனுப்பினர். 1955-இல் ரசலும் ஐன்ஸ்டைனும் பிற அறிஞரும் கூடி, மனிதத் தன்மையை மறவாதீர் என்று உலகை வேண்டினர். 1963-இல் வான்வெளியிலும் கடலிலும் வெடிப்பதைத் தடுக்கும் உடன்படிக்கை பிறந்தது.

நேருவின் குரலைப் பெருமையாகச் சொன்ன நாம், பின்னர் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவும் 1974-இலும் 1998-இலும் குண்டு வெடித்தது. 2014-இல் மார்ஷல் தீவுகளின் குட்டிக் குடியரசு, அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகள்மீதும் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்கிட்டது. படைக்குறைப்புப் பேச்சை நேர்மையுடன் நடத்துங்கள் என்பதே கோரிக்கை. முன்னின்றவர் டோனி டி புரும். ஒன்பது வயதில் பிராவோவின் ஒளியைக் கண்டவர். எதிர்வாதிகளுள் இந்தியாவும் ஒன்று. இவ்வழக்கைக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று நம் நாட்டின் சார்பிலும் வாதாடினர். 2016-இல் நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது.

தோழர்களே! இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? அறிவியல் வளர்ந்தால் போதும், மூடத்தனம் தானே மறையும் என்று நம்மிற் சிலர் எண்ணுவதுண்டு. பிராவோவை வடித்தவர்கள் படிக்காதவர்களா? அணுவைப் பிளந்தவர்கள். அந்த அறிவே மறைநூலைத் துணைக்கழைத்து மண்ணைப் பறித்தது. கணக்குப் பொய்த்தபோதும் நலமென்று அறிவித்தது. நோயாளியை ஏட்டில் குறிப்பாக்கியது. அறிவியல் கருவி. அது யாருக்காக, யாரைக் கேட்டு, யாருடைய செலவில் என்று வினவுவதே பகுத்தறிவு. இரண்டும் ஒன்றல்ல.

பிக்கினி மக்களுக்கு ஒரு கொடி உண்டு. அமெரிக்கக் கொடியைப் போலவே கோடுகளும் விண்மீன்களும் கொண்டது. பட்ட கடனை நினைவூட்டுவதற்காகவே அவ்வாறு அமைத்தனர். 23 வெண்மீன்கள், 23 தீவுகளுக்கு. மூன்று கருமீன்கள், பிராவோவில் ஆவியாகிப்போன தீவுகளுக்கு. இரண்டு கருமீன்கள், அவர்கள் இன்று ஒதுங்கி வாழும் கிலிக்கும் எஜிட்டுக்கும். கீழே ஜூடாவின் சொற்கள்: எல்லாம் கடவுளின் கையில்.

அதைக் கண்டு எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆயுதமற்ற மனிதர், பேரரசின் முன் தம் மானம் குலையாமல் நிற்கப் பற்றிக்கொண்ட கைத்தடி அது. நகைக்க வேண்டியது அந்தக் கைத்தடியையே பற்றி இழுத்து, அவர்களைக் கடலில் தள்ளியவரை. கடவுளின் கையில் இருந்ததா பிக்கினி? இல்லை. கப்பல் வைத்திருந்தவர் கையில் இருந்தது. கணக்குப் போட்டவர் கையில் இருந்தது. கண்டும் பேசாத உலகின் கையில் இருந்தது.

ஆகவே, நாளை எவரேனும் எந்த மண்ணிலேனும் எளியோர் முன் வந்து நின்று, பொது நன்மைக்காக உன் இடத்தைக் கொடு என்று இன்மொழி பேசும்போது, ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நீ சொல்லும் மனித குலத்தில் இவர்களுக்கும் இடம் உண்டா? அந்த 167 பேரின் சார்பில் 1946-இல் எவரும் எழுப்பாத கேள்வி அது.